நடுவில் ஓட்டை போட்ட காசு

நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் இவன் யார் என்று கேட்கக் கூடாது.

மலேசியாவில் திகாம் பத்து சாலையோரத்தில் ஒரு இரும்புப் பட்டறை. நாலு தகரம், தகடு வெட்டுகிற ஒரு பழைய அச்சு மிஷின், அதற்கும் தவணை. இப்படி ஆரம்பித்ததுதான். செம்பனை ஆலைகளுக்கும் லாரிப் பட்டறைகளுக்கும் இன்றைக்கு அங்கிருந்துதான் வாஷரும் கிளிப்பும் போகின்றன. சுங்கைப் பட்டாணியில் இரண்டு மாடி வீடு. கேட்டிலிருந்து ஜன்னல் கம்பி வரை நான் பற்றவைத்தது. மூன்று பிள்ளைகளுக்குப் பட்டம். எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலின் முன்கதவு, சமையல் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி நிற்கிற இரும்புக் கால்கள். இத்தனையும் செய்தவன் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன். அப்பா முதுகு ஒடிந்து லயத்து வீட்டில் படுத்துவிட்டார்; நான் புல்வெட்டப் போனேன். முதல் மிஷினுக்குக் கடன் கேட்கப் போனபோது வங்கியில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன், நின்றுகொண்டே இல்லை என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. கதவும் கொட்டகையும் கண்ணுக்குத் தெரிகின்றன, மறுக்க முடியாது. மறுப்பது வேறொன்றை. நான் காசு உண்டாக்கினேன். கள்ளக்காசு இல்லை. மூன்று தோட்டத்துச் சனங்கள் தத்தம் காசை விட்டுவிட்டு ஒரே காசுக்கு மாறினார்களே, அந்தக் காசு. அதைச் செய்தது நான்.

வெளிநாட்டில் பல தேசங்கள் கூடித் தங்கள் பணத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஒரே பணத்துக்கு மாறியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். யார் படத்தைப் போடுவது, எவன் பணத்துக்கு எவ்வளவு மதிப்பு, பழையதை எதுவரைக்கும் வாங்குவது என்று மந்திரிகள் வருடக்கணக்காகப் பேசினார்களாம். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி, "நம்ம கோயில் கூட்டம் மாதிரியே இருக்கு லா. அங்க கரண்டி மட்டும்தான் பறக்கல" என்றாள்.

அவள் சொன்னது சரி. எங்கள் கதையில் கரண்டி பறந்தது.

தோட்டங்களை விற்று வீடு கட்ட ஆரம்பித்தபோது மூன்று தோட்டத்துக்காரர்களைச் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரே மலிவு வீட்டுத் தாமானில் கொண்டுவந்து விட்டார்கள். எங்களோடு எங்கள் சாமிகளும் வந்தன. மாரியம்மன் ஒரு தோட்டத்துச் சாமி, முனீஸ்வரர் இன்னொரு தோட்டத்துச் சாமி, காளி மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நிலம். மூன்று கூரை, ஒரே கேட். மூன்று திருவிழாவுக்கு அனுமதி தர முடியாது, ஒன்றாக நடத்திக்கொள்ளுங்கள் என்று நகராண்மைக் கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

திருவிழாவில் சாப்பாட்டுக் கடைகள் போடுவோம். வருகிற லாபம் கோயிலுக்கு. கடையில் நேரடியாகப் பணம் கொடுக்கக் கூடாது. சில மாதம் முன்பே சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முன்பணத்தில்தான் அரிசியும் எண்ணெயும் வாங்குவது. தோட்டத்தில் இருந்தபோது மூன்று கோயிலுக்கும் மூன்று விதமான சீட்டு. மாரியம்மன்காரர்கள் முத்திரை குத்திய அட்டை கொடுப்பார்கள், ஒன்று ஒரு வெள்ளி; ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம். முனீஸ்வரர்காரர்கள் சீனர் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வட்டுகள், சிவப்பும் பச்சையும், ஒன்று ஐம்பது காசு. காளி தோட்டத்தில் மட்டும் பித்தளை வில்லை. அந்தத் தோட்டத்து ஆசாரி வெட்டி, ஒவ்வொன்றிலும் சூலம் குத்தியிருந்தார். ஒரு வெள்ளிக்கு விற்றாலும் கடையில் அதற்கு வெள்ளிக் கணக்கே கிடையாது. ஒரு வில்லை கொடுத்தால் ஒரு தட்டுச் சோறு. எந்த வருடம் வாங்கியதானாலும் எந்த வருடம் கொடுத்தாலும் ஒரு தட்டு.

சேர்ந்து நடத்திய முதல் திருவிழாவில் மூன்று சீட்டும் ஒரே மைதானத்தில் இறங்கின. மாரியம்மன் அட்டையோடு ஒருவர் காளி கடைக்குச் சோறு வாங்கப் போனார். காளி கடையை நடத்தியவர் ஒரு அக்கா. கணவரை இழந்தவர், ரப்பர் பால்வெட்டு மரத்திலிருந்து நேராகச் சமையலுக்கு வந்த கை. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க ஆத்தா எங்க?" என்று கேட்டுக் குழம்புச் சட்டி ஆடாமல் இருக்க அடியில் முட்டாகச் செருகிக்கொண்டார். அந்தப் பக்கம் முனீஸ்வரர் கடையில் ஒரு தோசைக்கு எத்தனை வட்டு என்று தகராறு. யாரோ கரண்டியை எறிந்தார்கள். சாம்பார் அண்டா சாய்ந்தது. ஒரே பிளாக்கில் மேலும் கீழும் குடியிருந்த இரண்டு குடும்பம் அடுத்த தீபாவளி வரை பேசவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நகராண்மைக் கழக அதிகாரி, இன்னொரு தரம் இப்படி நடந்தால் அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, ஒரே சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் திருவிழாவே இல்லை. அதுவரைக்கும் எல்லாருக்கும் புரிந்தது.

கூட்டம் போட்டார்கள். பொருளாளர் அப்போது வங்கியில் வேலை பார்த்தவர். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல சட்டை, நல்ல கையெழுத்து. இன்றைக்கு அவர்தான் கோயில் தலைவர். வெள்ளைப் பலகையில் கோடு போட்டு எழுதினார். மாரியம்மன் அட்டை ஒரு வெள்ளி, முனீஸ்வரர் வட்டு அரை வெள்ளி, காளி வில்லை ஒரு வெள்ளி. காளி வில்லையை விற்றது ஒரு வெள்ளிக்குத்தானே, அதனால் ஒரு வெள்ளி என்றார்.

காளி கடை அக்கா எழுந்து நின்றார். "அன்னிக்கு ஒரு வெள்ளிக்கு ஒரு தட்டு சோறு போட்டோம் தம்பி. இன்னிக்கு ஒரு வெள்ளிக்கு என்னா தருவான்? ஐஸ் தண்ணிகூட தர மாட்டான் லா."

கணக்கு அப்படிப் போட முடியாது அக்கா என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எத்தனை வில்லை வெளியில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தால் கோயில் முழுகிப்போகும் என்றார். அவர் பயமும் பொய்யில்லை. ஆனால் அக்கா விடவில்லை. வெள்ளி ஏறும் இறங்கும், அது உங்கள் வங்கிப் பிரச்சினை; ஒரு தட்டு என்பது ஆத்தா பேரில் கொடுத்த வாக்கு என்றார். அதற்குமேல் புதிய சீட்டில் எந்தச் சாமியின் அடையாளம் போடுவது என்று கிளம்பினார்கள். மூன்றையும் போடலாம் என்றார் ஒருவர். அப்படியானால் யார் மேலே, யார் கீழே என்றார் இன்னொருவர். முனீஸ்வரரைக் கீழே போட்டால் நாங்கள் சேர மாட்டோம் என்று ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் பின்வரிசையில் இருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று வாஷர் கிடக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னே போய் மேசை மேல் வைத்தேன்.

அக்கா குனிந்து பார்த்தார். "நடுவுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. ஓட்டை. யாரு மேல, யாரு கீழன்னு சண்டையே வராது."

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். சிரித்து முடித்ததும் மீதியைச் சொன்னேன். ஓரத்தில் மூன்று வெட்டு வைப்பேன், மூன்று கோயிலுக்கு மூன்று. இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். என் அச்சில் தவிர வேறெங்கும் அப்படி வெட்ட முடியாது. ஓட்டை இருப்பதால் சைக்கிள் சக்கரக் கம்பியில் கோக்கலாம். ஒவ்வொரு கடைக்கும் ஒரே நீளத்தில் கம்பி கொடுத்துவிட்டால் எத்தனை கம்பி நிறைந்தது என்று பார்த்தால் போதும், ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். மதிப்பு வெள்ளியில் வேண்டாம், தட்டில் வைத்துக்கொள்வோம். ஒரு வாஷருக்கு எந்தக் கடையிலும் ஒரு தட்டு. இரண்டு வடையும் தேத்தண்ணியும் ஒரு தட்டு. ஒரு அகப்பைச் சோறும் குழம்பும் ஒரு தட்டு. ஒரு தோசையும் சட்டினியும் ஒரு தட்டு. புதிதாக வாங்குகிறவர்கள் அந்த வருடத்து விலைக்கு வாங்கட்டும். அட்டைக்கும் வட்டுக்கும் அதன் வெள்ளிக்கு எத்தனை தட்டோ அத்தனை; காளி வில்லைக்கு வாக்குக் கொடுத்தபடி ஒன்றுக்கு ஒன்று.

"நட்டத்த யாரு கட்டறது?" என்றார் பொருளாளர்.

"அரிசி என் வேன்ல வரும்" என்றேன். வந்தது. எத்தனை மூட்டை என்று நான் சொல்லப்போவதில்லை. இறக்கியவர்களுக்குத் தெரியும்.

அலுமினியத் தகட்டில் வெட்டினேன். பட்டறை வேலையை ஒரு வாரம் தள்ளி வைத்து, நானே மிதியை மிதித்து, கை கிழிக்காதபடி ஓரத்தை உருட்டி எடுத்தேன். அச்சு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இனிமேல் நடந்ததுதான் முக்கியம். காசை அடிப்பது பெரிய வேலை இல்லை. பழையதைச் சனங்கள் கையிலிருந்து வாங்குவதுதான் வேலை. எந்தத் தேசத்துக்கும் அதுதான் வேலையாக இருந்திருக்கும்.

மாற்றுகிற நாளில் பொருளாளர் கேட்டுக்குப் பக்கத்தில் குடை நட்டு மேசை போட்டார். ஒலிபெருக்கியை எடுத்து, இன்ன ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றாத பழைய சீட்டுகளும் வில்லைகளும் செல்லாது என்று படித்தார். வங்கியில் அப்படித்தான் சொல்வார்களாம். சொன்ன இடம் காளி சன்னதிக்கு நேர் எதிரே. அந்த வில்லையில் இருப்பதோ அவளுடைய சூலம்.

அக்கா அரைத்துக்கொண்டிருந்த மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"யாரு செல்லாது? ஆத்தா சூலம் செல்லாதா? மைக்குல சொல்றியா அத?"

வில்லையைத்தான் சொன்னேன் என்று அவர் விளக்கப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. காளி தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவர்களைப் பார்த்து மற்ற இரண்டு தோட்டத்துக்காரர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. எங்கள் மாரியாத்தா மட்டும் இளைத்தவளா என்று அட்டை வைத்திருந்தவர்களும் திரும்பிப் போனார்கள். சாயங்காலம் வரை குடை நின்றது, மேசை நின்றது, மேசைக்குப் பின்னால் பொருளாளர் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலையில் நான் பூசாரியைப் போய்ப் பார்த்தேன். மூன்று சாமிக்கும் அவர் ஒருவர்தான். மேசையைத் தூக்கிவிடுங்கள் என்றேன். ஒவ்வொரு சாமி முன்னாலும் இரண்டு பித்தளைத் தாம்பாளம். ஒன்று காலி. இன்னொன்றில் மஞ்சள் பூசிய வாஷர். சனங்கள் தங்கள் பழைய சீட்டைத் தங்கள் சாமியின் காலடியில் உள்ள காலித் தாம்பாளத்தில் காணிக்கையாகப் போடட்டும். பூசாரி திருநீறு கொடுப்பார், குங்குமம் கொடுப்பார், அதோடு அத்தனை தட்டுக்கு வாஷர் கொடுப்பார். வாங்கினதும் சாமி, கொடுத்ததும் சாமி. செல்லாது என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலையில் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. பொருளாளர் ஒரு தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாஷருக்கு மஞ்சள் பூச உட்கார்ந்தார். அதை நான் மறைக்கவில்லை. மஞ்சள் பூசினார். நன்றாகவே பூசினார்.

அக்கா கடைசியில் வந்தார். கையில் மஞ்சள் துணி முடிச்சு. பிள்ளைக்கு நோய் வந்தால், வேலை கிடைக்க வேண்டுமென்றால், எங்கள் பெண்கள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். நேர்ந்துகொண்டது நடக்கும்வரை அவிழ்க்க மாட்டார்கள். காளி தோட்டத்தில் காசுக்குப் பதிலாக அந்த வில்லையையே முடிந்திருக்கிறார்கள். இது பலகையில் கோடு போட்டவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது அவர் தப்பில்லை, அவர் வீட்டில் நேர்த்திக்கடன் வேறு மாதிரி.

"இத அவுக்க மாட்டேன்" என்றார் அக்கா. "மவன் சிங்கப்பூர்லேருந்து நல்லபடியா திரும்பணும்னு முடிஞ்சது."

"அவுக்காதீங்கக்கா. மவன் வந்தப்புறம் முடிச்சோட அப்படியே உண்டியல்ல போடுங்க. இன்னிக்கு உங்க பேருக்கு ஒண்ணு வாங்கிக்குங்க."

"அப்ப ரெண்டு கணக்கா?"

"ஆத்தா கணக்கு ஆத்தாவுக்கு. உங்க தட்டு உங்களுக்கு."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டார்.

கோயிலை மூழ்கடிக்கப்போகிறது என்று பயந்தார்களே, அந்தக் காளி வில்லை எவ்வளவு வந்தது தெரியுமா? ஒரு பால் டின் நிறையவில்லை. மீதியெல்லாம் முடிச்சுக்குள் இருந்தது. வீடு வீடாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. கேட்காமல் விட்டதனால்தான் அது வரவில்லை. செல்லாது என்ற மிரட்டலையே விடாமல் பிடித்திருந்தால் அத்தனையும் அவிழ்ந்து ஒரே நாளில் மேசை மேல் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காசு ஓடியது. யாரும் வில்லை என்று சொல்லவில்லை; ஓட்டை என்றுதான் சொன்னார்கள். "ரெண்டு ஓட்டை குடுண்ணே, வடை சூடா இருக்கு" என்பார்கள். முடி வெட்டுகிறவர் வாங்கிக்கொண்டார். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரை விற்கிற அம்மா வாங்கிக்கொண்டார், அடுத்த திருவிழாவில் பிள்ளைகளுக்கு ஆகும் என்று. ஒரு கல்யாணத்தில் நூறு வெள்ளி மொய்யோடு கூடுதலாக வைக்க ஒற்றை வெள்ளி இல்லாமல் ஒருவர் ஓட்டை ஒன்றைச் சேர்த்து வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டு நின்றவன் நான். நாலாம் வகுப்புப் படித்தவன் அடித்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

இப்போது கைத்தொலைபேசிக்கு மாறப்போகிறோம். நாடே மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கியூஆர் கட்டம் ஒட்டிக் கடைக்காரன் சுவரே தெரியாமல் இருந்தது. இப்போது ஒரே கட்டம், எந்த வங்கியானாலும் அதில் போகிறது. என் பட்டறையிலும் ஒட்டியிருக்கிறேன். அதற்கு நான் எதிரி இல்லை. எதுவும் ஒரு நாள் மாறத்தான் வேண்டும் என்று இந்தத் தாமானில் மாற்றிக் காட்டியவனே நான்தானே.

போன மாதம் கோயில் வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டார்கள். இந்த ஆண்டு முதல் கியூஆர் மட்டுமே. பழைய ஓட்டைகள் செல்லாது.

அதே வார்த்தை. எழுத்துக்கு எழுத்து அதே வார்த்தை. நான் பட்டறையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதே வாரம்தான் கோயில் வெள்ளிவிழா மலருக்கு அச்சுக்குப் போகிற பக்கங்களை, நன்கொடையாளர் பெயர்களில் பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லி எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். வரலாற்றுப் பக்கத்தைப் படித்தேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் விடாமல் படிப்பேன். மூன்று கோயில்களுக்கும் பொதுவான வில்லைத் திட்டத்தை வகுத்து, மக்களை அதற்கு மாற்றியவர், வங்கித் துறை அனுபவம் மிக்க நம் தலைவர் என்று இருந்தது. நான் எங்கே என்று தேடினேன். நன்கொடையாளர் பட்டியலில் இருந்தேன். சமையல் எண்ணெய் கொடுத்தவருக்கும் நாற்காலி வாடகையைக் குறைத்துக்கொண்டவருக்கும் நடுவில். என் பெயர், அதற்கு நேரே ஒரே வார்த்தை: வாஷர்.

வாஷர் கொடுத்தேனாம்.

எங்கள் காலத்து ஆட்கள் யாரும் ஓட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கியூஆரும் வாங்கவில்லை. காளி பக்கத்துக்காரர்கள் தனியாகப் பந்தல் போட்டுக்கொள்வோம் என்று பேசுவதாகச் சேதி வந்தது. போன வாரம் தலைவர் என் பட்டறைக்கு வந்தார். காடியை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காளி கடை அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்த பேசணும்ணே. அன்னிக்கு செஞ்ச மாதிரியே ஏதாச்சும் செஞ்சிருங்க."

நான் மிஷினை நிறுத்தினேன். நிறுத்தாமல் பேசினால் காதில் விழாது. விழ வேண்டும் என்று நிறுத்தினேன்.

"அன்னிக்கு யாரு செஞ்சது தம்பி?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மலரைக் குழுவில் இருக்கிற பிள்ளைகள் எழுதினார்கள், என்னிடம் கேட்டபோது நான் பொருளாளராக இருந்ததைச் சொன்னேன், அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்றார். பிறகு, "எனக்கும் எல்லாம் சரியா ஞாபகம் இல்லண்ணே" என்றார்.

"ஞாபகம் இல்லாமலா இத்தன பட்டறை இருக்கற ரோட்டுல நேரா என் பட்டறைக்கு வந்தே?"

அவர் எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் காடிக்குப் போனார். அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் திருத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நான் கேட்டது பெயருக்காக மட்டும் என்று நினைத்தால் அது தப்பு. வாஷர் என்று மட்டும் எழுதி வைத்ததன் பலனைப் பாருங்கள். தாம்பாளம் வைத்தது எவருக்கும் தெரியவில்லை. எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பது எவருக்கும் தெரியவில்லை. அதனால் படித்த பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, நல்ல தமிழில், அதே குழியில் போய் விழுந்தார்கள். எவன் செய்தான் என்பதை அழித்தால் எப்படிச் செய்தான் என்பதும் கூடவே போய்விடுகிறது.

அக்காவைப் பார்க்கப் போனேன். தலைவருக்காகப் போகவில்லை. இப்போது அவரால் அதிகம் நடக்க முடிவதில்லை. கீழ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மகன் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேச்சை எடுக்கும் முன்பே கேட்டார்.

"புத்தகத்துல ஒன் பேரு போட்டிருக்கானுங்களா?"

போட்டிருக்கிறது, வாஷர் என்று போட்டிருக்கிறது என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் மகன் எட்டிப் பார்த்தான்.

"ஓட்டைய மாத்தற சாக்குல ஒன்னையும் மாத்திட்டானுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரிசி மூட்டையிலிருந்து அச்சுவரைக்கும் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் சரி. தட்டு யாரு சொன்னது? நான் எந்திரிச்சு சண்ட போடலன்னா ஒனக்கு தட்டு எங்கேருந்து வந்துருக்கும்? என் பேரும் போடச் சொல்லு."

முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. மேசைமேல் வாஷரை வைத்தது நான். நான் கேட்க வந்த இடத்தில் என்னிடமே ஒருவர் கேட்கிறாரே என்று காடியில் வரும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள், "அந்தக்கா கேக்கறதுல என்னா தப்பு? நீங்க கேக்கறதுதான அதுவும்" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். தட்டு என்ற சொல் அவருடைய வாயிலிருந்துதான் வந்தது. உண்மை உண்மைதான்.

ஆகவே கோயில் நிர்வாகத்துக்கு நான் சொல்வது இதுதான். வேலையைச் செய்து தருகிறேன். மூன்று சாமி முன்னாலும் மறுபடி தாம்பாளம் வைப்போம். ஓட்டையைக் காணிக்கையாகப் போடட்டும். அத்தனை தட்டுக்கு உரிய கட்டம் அச்சடித்த அட்டையைப் பூசாரி திருநீறோடு கொடுக்கட்டும். கைத்தொலைபேசி இல்லாதவர்கள் அந்த அட்டையைக் கடையில் காட்டினால் கடைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைய வில்லையைப் போலவே நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஓட்டையை யாரும் அவிழ்க்கச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்ட அந்த வார்த்தையை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும். அக்கா முதல் ஆளாக வந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போட்டால் மற்றவர்கள் போடுவார்கள்.

ஆனால் மலரின் அந்தப் பக்கம் திருந்திய பிறகுதான் தாம்பாளம் வரும். திருத்துவதாகச் சொன்னால் போதாது, அச்சில் பார்க்க வேண்டும். எழுதத் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக நானே எழுதித் தருகிறேன். ஒரு எழுத்தை மாற்ற வேண்டாம்:

மூன்று தோட்டத்து மக்களுக்கும் பொதுவான காசை உண்டாக்கி, அச்சில் வெட்டி, யார் மனமும் புண்படாமல் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுக்க வழி செய்தவர் இவர். அதற்குத் தட்டுக் கணக்கைப் போராடி வாங்கிக் கொடுத்தவர் காளி கடை அக்கா. அன்றைய பொருளாளர் உடனிருந்து உதவினார்.

முதல் வரிக்கு நேரே என் பெயரைப் போடுங்கள். அப்பா பெயரின் முதலெழுத்தோடு போடுங்கள். எண்ணெய்க்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிற அந்த வாஷரை எடுத்துவிடுங்கள்.